சட்டைப் பொத்தானைக் கழற்று, பேஸ் வரும்!

கடம் வித்வான் சட்டைப் பொத்தான்களை ஏன் கழற்றுகிறார்? வெக்கை என்று நினைத்தால் நீங்கள் சபாவுக்குப் புதுசு. பானையின் வாய் சட்டை மறைக்காத வயிற்றில் படவேண்டும். வயிற்றோடு நெருக்க நெருக்க ஒலி கீழே இறங்கும். விலக்க விலக்க மேலே ஏறும். கிடார்க்காரர்கள் ஆம்ப்ளிஃபயர் சுமந்து திரிந்து வாங்கும் பேஸ், இங்கே தொப்பையின் உபயம்!

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் உட்கார்ந்து எழுதுவதால் ஒரு உள்ளூர்ப் பெருமை: இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (152) வாத்தியங்கள் வரிசைகட்டி வரும். அதில் யானைத் துதிக்கை போல் ஒரு தூம்பு, மண் பூசிய முழவு! அடிக்குரல் ஒலிக்கு இந்தப் பக்கம் அன்றே கிராக்கி.

ஆனால் கச்சேரியில் கடத்துக்கு என்ன இடம்? உபபக்கவாத்தியம். மிருதங்கம் விட்டுவைத்த சந்துகளில் நுழைந்து வரவேண்டும். 1966-ல் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்த விக்கு விநாயக்ராமும் அந்த மரபில் வந்தவர்தான்.

பிறகு வந்தது 'சக்தி' இசைக்குழு! ஜான் மெக்லாக்லின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு கடம். 1975-ல் பதிவான முதல் ஆல்பத்தில் ராம்நாட் ராகவனின் மிருதங்கமும் உண்டு. அவர் விலகியபின் மிருதங்கம் இல்லாமலே குழு தொடர்ந்தது. யோசித்துப் பாருங்கள்: எதிரே ஜாகிர், இந்தப் பக்கம் தென்னாட்டு லயம் மொத்தமும் ஒரு மண்பானை தலையில்! விக்கு அசரவில்லை. அடித்தார், உருட்டினார், பானையைத் தூக்கிப் போட்டுத் தாளம் தப்பாமல் பிடித்தார். அரங்கம் அலறாமல் என்ன செய்யும்? மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் வாசித்து 1992-ல் கிராமியும் வாங்கிவிட்டார், 2014-ல் பத்மபூஷண்.

இன்னொரு ரகசியம். முறுக்கிச் சுருதி சேர்க்கக் கடத்தில் ஆணியும் கிடையாது, வாரும் கிடையாது. சூளையிலிருந்து வெளியே வரும்போது என்ன சுருதியோ, ஏறத்தாழ அதுதான். பாடகர் கட்டைக்கு ஏற்றபடி வேறு வேறு பானை எடுத்துவர வேண்டும். அதனால் மானாமதுரைக் குயவர்களின் கைதான் முதல் வித்வான். பச்சை மண்ணைத் தட்டித் தட்டியே நாதம் ஏற்றுகிறார்கள். அங்கே கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதமி விருதே கொடுத்திருக்கிறது. பானை தட்டியதற்கு!