பள்ளிக்கூடத்தில் ஒரு கீரைப் பாத்தி: பருமனைத் தடுக்கும் பாடம் இங்கேதான் தொடங்குகிறது

மாலை நான்கே கால் மணிக்கு எந்த ஊர்ப் பள்ளி வாசலிலும் இதைப் பார்க்கலாம். மணி அடித்ததும் பிள்ளைகள் நேராகப் பெட்டிக்கடைக்கு ஓடுகிறார்கள். சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்துக்கொண்டு, மறு கையில் பத்து ரூபாய் குளிர்பானத்தோடு வீட்டுக்கு நடக்கிறார்கள். அதே நேரம் வீட்டில் அப்பா நிலக்கடலையைக் களத்தில் காயவைத்துக்கொண்டிருப்பார். கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்கும். நாங்கள் படித்த காலத்தில் பள்ளி வாசலில் கூடை வைத்திருந்த பாட்டிகளிடம் வாங்கித் தின்றது நெல்லிக்காய், இலந்தைப்பழம், கொடுக்காப்புளி.

குழந்தைகளின் உடல் பருமன் என்றால் நகரத்துக் கதை என்று ஒதுக்கிவிடுகிறோம். 5 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில், உலக அளவில் பருமனானவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம் என்று 2025இல் யுனிசெஃப் அறிவித்தது. எடை குறைவைப் பருமன் முந்தியது இதுவே முதல் முறை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21). அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9 சதவீதம். இந்தத் தாய்மார்கள் சமைக்கும் சோற்றைத்தான் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். அதற்கு மேல் பாக்கெட் தீனி சேர்கிறது, வெளியே ஓடி விளையாடுவது குறைகிறது. குண்டாகத் தெரிகிற பிள்ளைக்கு ரத்தசோகையும் இருக்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை.

பள்ளியில் சத்துணவுப் பாடம் இல்லாமல் இல்லை. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். பிறகு அதே கடைக்குத்தான் போகிறார்கள். பாடம் மட்டும் நடத்தினால் பிள்ளைகளின் எடையில் பெரிய மாற்றம் வருவதில்லை. தோட்டம், சமையல், சாப்பாடு, விளையாட்டு நான்கும் பாடத்தோடு சேர வேண்டும். தன் கையால் விதைத்துப் பறித்த கீரையைச் சாப்பிட்டுப் பார்க்கப் பிள்ளை முன்வரும். அந்தத் தோட்டத்தைப் போட்டுக்கொடுக்கத் தெரிந்தவர் ஊரில் யார் என்று கேட்டால், விடை நாம்தான்.

வகுப்பில் செய்து காட்டவும் எளிய வழிகள் உண்டு. குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. அப்படியானால் 250 மில்லி பாட்டிலில் 25 கிராம். ஆறு டீஸ்பூன் சர்க்கரையைத் தட்டில் கொட்டிக் காட்டினால் போதும், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். சேர்க்கும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் ஏறக்குறைய இந்த ஒரு பாட்டில்தான்.

சிப்ஸையும் நிலக்கடலையையும் ஒப்பிடும்போது நேர்மையாகச் சொல்ல வேண்டும். 50 கிராம் சிப்ஸ் சுமார் 270 கலோரி. 50 கிராம் நிலக்கடலையும் அதே அளவுதான். ஆனால் கடலையில் 12 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, சிப்ஸில் 3 கிராம் வந்தாலே பெரிது. கடலை ஒரு கைப்பிடியில் பசி அடங்கும். நம் சரக்கு என்பதற்காக அதை அள்ளித் தின்னச் சொல்ல முடியாது.

உணவையே பாடமாக்கிய நாடு ஜப்பான். அங்கே 2005இல் உணவுக் கல்விக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு பள்ளிகளில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பணியிடமும் வந்தது. பல பள்ளிகளில் பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாற, ஆசிரியரும் வகுப்பிலேயே உடன் உட்கார்ந்து சாப்பிடுகிறார். உள்ளூர் விளைபொருளைப் பள்ளிச் சமையலில் சேர்ப்பது அங்கே அரசின் கொள்கை. நமக்கு மதிய உணவும் முட்டையும் முன்பே உண்டு. 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் வந்துவிட்டது. சமையல் நடக்கிற அதே வளாகத்தில் சாப்பாட்டைப் பற்றிய பாடம் புத்தகத்தோடு நின்றுவிடுவதுதான் குறை.

சரி, தோட்டம் எப்படிப் போடுவது? பள்ளிகளில் சத்துணவுத் தோட்டம் அமைக்க மத்திய அரசு 2019இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி என்பது மதிய உணவுத் திட்டத்தின் அளவு. 60 பிள்ளைகள் என்றால் 3 கிலோ. தினமும் இவ்வளவு தரச் சின்னத் தோட்டத்தால் ஆகாது. வாரம் இரண்டு நாள் கீரைக்கு முடியும்.

பத்தடிக்கு நாலடி மேட்டுப்பாத்தி ஒன்றில் முளைக்கீரை போட்டால், 25 நாளில் வேரோடு பிடுங்கும்போது சுமார் மூன்றரைக் கிலோ கிடைக்கும். எட்டுப் பாத்திகள் அமைத்து, வாரத்துக்கு இரண்டு வீதம் விட்டுவிட்டு விதைத்து வந்தால் சுற்று அறுபடாது. நடைபாதையோடு சேர்த்து ஒன்றரை சென்ட் இடம் தாராளம். விதை மிகச் சிறியது, மணல் கலந்து தூவச் சொல்லுங்கள். கீரை அடர்ந்து முளைத்தால் களைத்துவிட வேண்டும். அந்த வேலை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். இலை தின்னும் பூச்சிக்கு ரசாயன மருந்து வேண்டவே வேண்டாம். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டை என்ற அளவில் இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளித்தால் போதும். அதையும் பள்ளி முடிந்த பிறகு பெரியவர்களே தெளிக்க வேண்டும்.

ஆடிப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, செடி அவரை போடலாம். வேலியில் புடலையும் பீர்க்கனும் ஏற்றலாம். கோடை விடுமுறையில் பாத்திகள் காய்ந்துவிடும் என்பதால் ஓரத்தில் நிலைத்து நிற்கிற மரங்கள் அவசியம்: பி.கே.எம்.1 முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாளி, கொய்யா. கை கழுவும் இடத்துத் தண்ணீர் வாழைக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டிவிட்டால் அதற்குத் தனியாகப் பாய்ச்ச வேண்டியதில்லை. விதைக்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்கலாம். விரிவாக்கப் பணியாளர்கள் மாதம் ஒரு முறை வந்து ஒரு வகுப்பு நேரம் பிள்ளைகளோடு பாத்தியில் நின்றால் ஆசிரியருக்குப் பாதிச் சுமை குறையும்.

மீதி நாளுக்கான காய்கறியிலும் நமக்கு இடம் உண்டு. அரிசி, பருப்பு, எண்ணெய் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வருகின்றன. காய்கறியைச் சத்துணவு அமைப்பாளரே உள்ளூரில் வாங்குகிறார். டவுன் மார்க்கெட் விலைக்கே, காலையில் பறித்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க நாலு விவசாயிகள் முறை போட்டுக்கொண்டால் அவருக்கும் பஸ் செலவு மிச்சம். இதைப் பேசுவதற்கான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான். நம்மில் பலர் அந்தக் கூட்டத்துக்குப் போவதே இல்லை.

வாசல் கடைக்கும் விதி இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் விதி வகுத்தது. அதைக் காட்டிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவரும் நம் ஊர்க்காரர்தான். அவித்த கடலை, கொய்யா, சுண்டல், மோர் விற்றால் அவருக்கும் வரும்படி நிற்கும்.

ஆசிரியர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எடை பார்க்கும் நாளில் குண்டான பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்திக் கேலிக்கு ஆளாக்கக் கூடாது. அதன் தட்டில் சோற்றைக் குறைக்கவும் கூடாது. வளர்கிற பிள்ளைக்குப் பட்டினி மருந்தாகாது. பாக்கெட் நின்று, கீரையும் ஓட்டமும் சேர்ந்தால், உயரம் கூடக் கூட எடை தானாக ஒத்துவரும். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம்.

காலாண்டு விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மட்டும் விதைக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பள்ளித் தோட்டம் கருகுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.