சொன்னவரைத் தண்டிக்காத ஏற்பாடு

1974 டிசம்பர் 1. வாஷிங்டனை நோக்கி வந்த டி.டபிள்யூ.ஏ. 514 விமானம், பலத்த காற்றால் அருகிலுள்ள டலஸ் விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. தரையிறங்க வரலாம் என்று அனுமதி கிடைத்ததும் விமானி 1,800 அடிக்கு இறங்கத் தொடங்கினார். அனுமதி வந்துவிட்டதால் பாதையில் தடை இருக்காது என்று நம்பினார் அவர். மலையைப் பார்த்து ஓட்டுவது விமானியின் பொறுப்பு என்று இருந்தது கட்டுப்பாட்டு அறை. வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் விமானம் மோதியது. 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணையில் தெரிந்த செய்தி இன்னும் வேதனையானது. ஆறு வாரங்களுக்கு முன்புதான் யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று, இதே குழப்பத்தில் இதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்கு அந்தச் சேதி போகவில்லை. போக வழியும் இல்லை.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1975இல் ஒரு வழி செய்தது: தவறோ ஆபத்தோ நேர்ந்தால் எங்களிடம் சொல்லுங்கள். ஆனால் உரிமத்தைப் பறிக்கும் கை அதனுடையது. அதனிடம் போய் எந்த விமானி வாய் திறப்பார்?

எனவே 1976இல் அந்தப் பொறுப்பு நாசாவிடம் போனது. யாரையும் தண்டிக்கும் அதிகாரம் நாசாவுக்கு இல்லை. அறிக்கையில் எழுதியவரின் பெயர் இருக்கும் பகுதியைத் தேதி முத்திரையிட்டு அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தெரியாமல் செய்த விதிமீறலைப் பத்து நாளுக்குள் சொல்லியிருந்தால், பொதுவாக அபராதமோ உரிமத் தடையோ கிடையாது. குற்றச்செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. அனுபவமுள்ள விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் அறிக்கைகளைப் படிக்கிறார்கள். அவசரமான ஆபத்து தெரிந்தால் உரியவர்களுக்கு உடனே எச்சரிக்கை போகிறது. இப்போது ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் அறிக்கைகள் வருகின்றன. விமானிகள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. பயத்துக்குக் காரணம் போனது, அவ்வளவுதான்.

பயம் போகாத இடத்துக்கு டெக்சஸ் சிட்டி சாட்சி. 2005 மார்ச் 23 அன்று அங்குள்ள பி.பி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கோபுரம் எரிதிரவத்தால் நிரம்பி வழிந்தது. அளவுகாட்டியோ மட்டம் குறைவதாகவே காட்டிக்கொண்டிருந்தது. வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள், சுமார் 180 பேர் காயமடைந்தார்கள். பாதுகாப்புக் குறைகளைச் சொல்ல ஊழியர்களுக்கு ஊக்கம் தரப்படவில்லை, சொன்னால் பழிவாங்கப்படுவோம் என்று சிலர் அஞ்சினார்கள் என்று அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் பதிவு செய்தது. நிர்வாகம் தொழிலாளர் காயங்களின் எண்ணிக்கை குறைவதைப் பார்த்து ஆலை பத்திரமாக இருப்பதாக நம்பியிருந்தது.

நம் ஊர்த் தொழிற்சாலை வாசல்களிலும் 'விபத்தில்லா நாட்கள்' என்று பலகை தொங்குகிறது. அந்த எண்ணுக்குப் பரிசும் கொடுத்தால், விரல் நசுங்கியவர் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். அதே வாசலில், மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் இந்த மாதம் எத்தனை சொல்லப்பட்டன, அவற்றில் எத்தனை சரிசெய்யப்பட்டன என்றும் எழுதி வைக்கலாம்.