மதுரை – கொழும்பு: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

மதுரைக்கு அண்மையில் இருப்பது சென்னையா, கொழும்பா? வகுப்பில் இவ்வினாவை எழுப்பினால், மாணவர் பெரும்பாலோர் தயக்கமின்றிச் சென்னை என்றே விடையிறுப்பர். நிலப்படமோ வேறு விடை தருகிறது.

மதுரை விமான நிலையம் ஏறத்தாழ 9.83 பாகை வட அட்சத்திலும், கொழும்புக்குரிய கட்டுநாயக்க விமான நிலையம் 7.18 பாகையிலும் அமைந்துள்ளன. ஓர் அட்சப் பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். ஆகவே தென்வடலாக இடைவெளி சுமார் 295 கிலோமீட்டர். கிழமேலாக 1.79 பாகை, இப்பகுதியில் அது சுமார் 197 கிலோமீட்டராகும். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் கண்டால் 355 கிலோமீட்டர் வரும். (தமிழ் மாணவர்க்குக் கணக்கு எதற்கு என்போர் பொறுத்தருள்க!) இதே முறையில் சென்னை 420 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அயல்நாட்டுப் பெருநகரமே நமக்கு அண்மையது.

ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அக்கணக்கில் 27 நிமிடங்களே போதும். கால அட்டவணையோ ஒரு மணி நேரம் என்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலெழுதல், தாழ்ந்து வருதல், இறங்க முறை காத்தல் ஆகியவற்றிற்கும் சேர்த்தே அந்நேரம் குறிக்கப்படுகிறது. முழு வேகத்தில் பறக்கும் நேரம் மிகச் சொற்பமே. துபாய் போன்ற நெடுந்தொலைவுப் பயணத்தில் இவ்வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது.

கடிகாரக் குழப்பமும் இன்று இல்லை. 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் நம் நேரத்திற்கு முந்தியிருந்தது. பின்னர் மீண்டும் ஒன்றாயிற்று.

தொலைவு மாறாதிருக்க, பயணம் மட்டும் நீண்டும் குறுகியும் வந்துள்ளது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் இரயில் என வழி அமைந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற கப்பல் போக்குவரத்தும் இனப்போர் மூண்ட 1980களில் நின்றது. அதன்பின் மதுரையார் திருச்சியோ சென்னையோ சென்றே வானேற வேண்டியதாயிற்று. சென்னை வழியே செல்வது, தெற்கே போக வேண்டியவர் வடக்கே நடந்த கதைதான். 2012இல் மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் புறப்பட்டது.

எனினும் அட்டவணையின் ஒரு மணி நேரத்தை மட்டும் நம்புதல் ஆகாது. விளாங்குடி நகரின் வடமேற்கே உள்ளது. விமான நிலையமோ தெற்கே, பெருங்குடியை அடுத்து. நெரிசலைக் கடக்க ஒரு மணி நேரம், விமான நிலையக் காத்திருப்பு இரண்டு மூன்று மணி நேரம், பறத்தல் ஒன்று, குடிவரவுச் சோதனையும் பெட்டியும் ஒன்று, கட்டுநாயக்கவிலிருந்து நகருக்குள் செல்ல மேலும் ஒன்று. ஆக ஆறேழு மணி நேரம்! வைகை எக்ஸ்பிரஸில் சென்னை செல்வதற்கும் ஏறத்தாழ இதே நேரம்தான் ஆகும்.

இது வெறும் கணக்கன்று. கொழும்பில் உறவினர் மறைந்தால், மையித்தை நெடுநேரம் வைத்திருக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. "எப்போது வந்து சேர்வீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்போர்க்கு விமான நேரத்தைச் சொன்னால் அவர்கள் வீணே காத்திருப்பர். வீட்டு வாசலிலிருந்து வாசல் வரையான நேரத்தையே சொல்ல வேண்டும். கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் ஆயத்தமாக இருந்து, அன்றைய விமானமும் கிடைத்தால்தான் அதுவும் பொருந்தும். விமானம் புறப்பட்டுவிட்டதாயின், நல்லடக்கத்தை நடத்திவிடுமாறு உடனே தெரிவித்துவிடுதலே அவர்களுக்குச் செய்யும் உதவி.