பூஞ்சை உரம்: கட்டுரையில் எழுதும் முன்

இரசாயன உரத்தின் தீமைகளைப் பற்றி எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் கடைசிக்கு முந்தின பத்தியில் ஒரு வரியைத் தவறாமல் வைப்பார்கள்: "இயற்கை உரங்களைப் பயன்படுத்த வேண்டும்." சரி, எந்த உரம்? அது எப்படி வேலை செய்கிறது? அங்கேதான் பேனா நின்றுவிடும். அந்த இடத்திற்கு வேர்ப்பூஞ்சை நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அதைத் தப்பாக எழுதவும் வாய்ப்பு அதிகம். நானே தப்பாகச் சொல்லிக் கொடுத்தவன்தான்.

பள்ளித் தோட்டத்தில் பத்துத் தொட்டிகளில் சாவி நட்டோம். (பூட்டுக்குரிய சாவி அல்ல, சந்தையில் விற்கிற கீரை.) ஐந்தில் வேர்ப்பூஞ்சைத் தூளைக் கலந்தோம், ஐந்தில் கலக்கவில்லை. நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே உயரம். "சார், கடைக்காரர் நம்மள ஏமாத்திட்டாரா?" என்றான் ஒரு மாணவன். ஏமாற்றியது கடைக்காரர் இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயர். பிரஷ்யாவில், டிரபிள் என்னும் விலை உயர்ந்த நிலத்தடிக் காளானை வளர்க்க வழி தேடிய பிராங்க் என்ற தாவரவியலாளர், மரவேர்களைப் பூஞ்சை போர்த்தியிருப்பதைக் கவனித்தார். 1885இல் அதற்கு 'மைகோரைசா' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'மைகெஸ்' என்றால் பூஞ்சை, 'ரைசா' என்றால் வேர். பயிர்களில் நாம் பயன்படுத்தும் வகை இன்னும் நெருக்கமானது; வேரின் உயிரணுக்களுக்குள்ளேயே நுழைந்து குட்டி மரம்போல் கிளைவிடும்.

இதனால் செடிக்கு என்ன லாபம்? பாஸ்பரஸ் மண்ணில் எளிதில் நகராது. நம் நாட்டு மண்ணோ பெரும்பாலும் அமிலத் தன்மை கொண்டது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் உள்ளது தீர்ந்துவிட்டால் செடி பட்டினிதான். பூஞ்சையின் இழைகள் வேர்த்தூவிகளைவிட மெல்லியவை. அவை மண்துகள்களின் இடுக்கில் புகுந்து, பல சென்டிமீட்டர் தாண்டிச் சென்று பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் கொண்டுவரும். செடி சும்மா வாங்கிக்கொள்வதில்லை. இலையில் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்கிறது.

இங்கே கவனியுங்கள். பூஞ்சை சத்தைக் கொண்டுவருகிறது, உண்டாக்குவதில்லை. "பூஞ்சை மண்ணில் சத்துகளை உற்பத்தி செய்கிறது" என்று எழுதினால் தவறு. மண்ணில் இல்லாததை அதனால் தர முடியாது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதும் அதன் வேலையல்ல. அது பயற்றஞ்செடிகளின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவின் வேலை. ஆகவே "இரசாயன உரத்திற்கு முழு மாற்று" என்பதைவிட "இரசாயன உரத்தின் தேவையைக் குறைக்க உதவும்" என்பதே சரியான வாக்கியம். எருவும் மட்கிய உரமும் கூடவே வேண்டும்.

இன்னொரு சொல் எச்சரிக்கை. வெறுமனே "பூஞ்சை பயிருக்கு நல்லது" என்று எழுதாதீர்கள். செம்பனையின் தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மாவும் பூஞ்சைதான். "நன்மை செய்யும் வேர்ப்பூஞ்சை" என்றே எழுதுங்கள். பூஞ்சை, பூசணம், பூஞ்சணம் என எது உங்கள் வழக்கமோ, அதையே கட்டுரை முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் சாவிக்கு வருவோம். நிலத் தாவரங்களில் பெரும்பாலானவை இந்தப் பூஞ்சையோடு உறவு வைத்துக்கொள்ளும். கடுகுக் குடும்பம் விதிவிலக்கு. சாவி, முட்டைக்கோஸ், முள்ளங்கி எல்லாம் அந்தக் குடும்பம்தான். பூஞ்சையை அவை சேர்த்துக்கொள்வதில்லை. எத்தனை கரண்டி போட்டாலும் வீண். மிளகாய், கத்தரி, வெண்டை, சோளம், வாழை, செம்பனைக் கன்று எல்லாம் சேர்த்துக்கொள்ளும். நான் செடியைத் தேர்ந்ததிலேயே தப்பு.

செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு: தூளை மேலே தூவாதீர்கள். நாற்று நடும் குழியில், வேரில் படும்படி இடுங்கள். பாஸ்பரஸ் உரத்தை அள்ளிப் போட்டால் செடி கூலி கொடுப்பதை நிறுத்திவிடும், பூஞ்சையும் குறைந்துபோகும். பூஞ்சைக்கொல்லி தெளித்த மண்ணையும் தவிர்க்கலாம். தூளை வெயிலில் வைக்கக்கூடாது, காலாவதித் தேதியையும் பாருங்கள். உள்ளே இருப்பது உயிருள்ள வித்துகள்.

இந்தத் தவணை எங்கள் சாவித் தொட்டிகளுக்கு மட்கிய கோழி எரு மட்டும். மீதியிருந்த தூள் மிளகாய் நாற்றுக்குப் போயிருக்கிறது, பாதிக்குப் போட்டு, பாதிக்குப் போடாமல்.