சுவரில் ஒட்டிய நையாண்டி

இங்கிலாந்தின் டெர்பிஷயரிலுள்ள கால்க் அபி மாளிகையில் ஓர் அறையின் சுவர்களில் கேலிச்சித்திரங்கள். சட்டம் போட்டு மாட்டியவை அல்ல. பசை தடவி நேரே சுவரில் ஒட்டியவை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சுப் படங்களை இப்படி ஒட்டி அறையை அலங்கரிப்பது அங்கே வசதி படைத்தவர்களின் மோகம். அரசரையும் அமைச்சரையும் கிழித்துத் தோரணம் கட்டும் படங்களும் அதில் இடம்பிடித்தது ஒரு வேடிக்கைதான்.

இந்தப் படங்கள் பிறந்தது செப்புத் தகட்டில். தகட்டின் மேல் அமிலம் புகாத மெழுகைப் பூசி, மெழுகுவர்த்திப் புகையில் கருக்குவார்கள். அந்தக் கரிய பரப்பில் ஊசியால் கீறினால் செம்பு பளிச்சென்று தெரியும். பிறகு அமிலம். மெழுகு விலகிய கோடுகளை மட்டும் அது அரிக்கும். எவ்வளவு நேரம் அரிக்கிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கருமை. மெல்லிய கோடுகள் போதுமான இடத்தை வார்னிஷால் மூடிவிட்டு, மற்றதை மறுபடி அமிலத்தில் விடுவார்கள். கடைசியில் மெழுகை நீக்கி, கோடுகளுக்குள் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால் படம் தயார். அச்சில் இடம் வலம் மாறிவிடும் என்பதால், எழுத்தையெல்லாம் ஓவியர் திருப்பி எழுதியாக வேண்டும். வண்ணம்? ஒவ்வொரு பிரதியிலும் கையால் தீட்டிய நீர்வண்ணம்.

இந்தக் கலையில் மன்னன் என்றால் ஜேம்ஸ் கில்ரே. லண்டனில் ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண்மணியின் படக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தே வரைந்தார். 1805-இல் அவர் வரைந்த படத்தில், பிரிட்டிஷ் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் உணவு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, உலக உருண்டையைப் புட்டிங்கைப் போல வெட்டிப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். திப்பு சுல்தானுடனான போரில் பின்வாங்கிய பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸையும் 1791-இல் விட்டுவைக்கவில்லை.

இன்று இவற்றை வாங்க நினைப்பவர்கள் படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பூதக்கண்ணாடியில் படம் முழுக்கச் சீரான புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால நகல். கில்ரேயின் அதே தகடுகளிலிருந்து 1851-இல் போன் என்ற பதிப்பாளர் வண்ணமின்றி அச்சிட்ட தாள்களும் உண்டு. பலவற்றில் பின்பக்கமும் படம் இருக்கும். சேகரிப்பாளர்கள் முகம் சுளிக்கலாம், சுவருக்கு அது தாராளம்.

நீர்வண்ணம் வெயிலில் வெளிறும். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். சட்டத்துக்குள் அமிலமற்ற அட்டையே வேண்டும், இல்லையேல் தாள் பழுப்பேறும். பாத்திரங்களின் வாயிலிருந்து கிளம்பும் வசனங்களைப் படிக்காவிட்டால் பாதி நகைச்சுவை போய்விடும். ஆகவே சோபாவுக்குப் பின்னால் உயரத்தில் வேண்டாம். நின்று படிக்க வசதியாக, கண் மட்டத்தில் மாட்டுங்கள்.