படகுக்கும் வேண்டும் வடிகால்

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் முதலில் முழுகுவது படுகை ஊர்கள்தான். 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் என்று கடலோரம் வரை வீடுகள் தண்ணீரில் நின்றன. மக்களைப் படகில் ஏற்றிக் கரைசேர்த்தார்கள். தீயணைப்புத் துறையும் அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் இத்தகைய நாட்களில் பெரிதும் நம்புவது ரப்பர் படகை. சுற்றிலும் காற்றடைத்த குழாய்கள், பின்பலகையில் மாட்டிய மோட்டார். குழாய்க்குள் தனித்தனி அறைகள் இருப்பதால் ஓர் இடத்தில் முள் குத்தினாலும் படகு மிதக்கும்.

அந்தப் படகின் உண்மையான தொல்லை உள்ளே சேரும் தண்ணீர். ஏறுகிறவர்களின் ஈரச் சேலையிலிருந்து சொட்டுவது, அலை அடிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக மழை. உட்தரை 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் 300 லிட்டர் தேங்கும். 300 கிலோ. ஐந்து பேரை ஏற்றும் இடத்தைத் தண்ணீரே பிடித்துக்கொள்கிறது. எடையைவிடப் பெரிய ஆபத்து, அது ஓரிடத்தில் நிற்காது என்பது. ஒருவர் சாய்ந்தால் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடி, படகை இன்னும் சாய்க்கும்.

ஓட்டை போட்டு வெளியேற்றிவிட்டால் என்ன? டெல்டா விவசாயிக்கு இதற்கு விடை தெரியும். வயலில் தண்ணீர் நின்றால் வாமடையை வெட்டிவிடுவோம். ஆனால் வெளியே வடிகால் வாய்க்கால் வயல் மட்டத்துக்கு மேல் நிறைந்து ஓடினால், வெட்டிய வழியே தண்ணீர் உள்ளேதான் வரும். படகுக்கும் இதே கணக்கு. வெளிமட்டம் தரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதைத் தாழ்த்த வழி காண வேண்டும்.

முதல் வழி, தரையை உயர்த்துவது. ஆற்றுச் சாகசப் பயணத்துக்கான ராஃப்டுகளில் தரையே தடித்த காற்றுமெத்தை. அதைப் பக்கக் குழாய்களோடு கயிற்றால் கோத்துக் கட்டுவார்கள். இடையில் கிடக்கும் இடுக்குதான் வடிகால். மெத்தையின் மேற்பரப்பு ஆற்று மட்டத்துக்கு மேல் நிற்பதால், விழும் தண்ணீர் இடுக்கு வழியே தானாக இறங்கிவிடும். நம் கரையோரக் கட்டுமரத்தின் அறிவும் இதுதான்: தண்ணீர் தேங்கக் குழியே கிடையாது, மரங்களுக்கு இடையே வழிந்துவிடும். ஆனால் அளவுக்கு மீறி ஆள் ஏறினால் மெத்தை தாழ்ந்து, அதே இடுக்கு வழியே ஆறு உள்ளே வரும்.

இரண்டாவது வழி வேகம். டென்மார்க் பாய்மரப் படகு வீரர் பால் எல்வ்ஸ்ட்ரோம், 1948 முதல் 1960 வரை தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அவர் பெயரில் ஒரு நீர்வடிப்பான் புகழ்பெற்றது. படகின் அடியில் ஆப்பு வடிவில் சின்ன உலோகப் பெட்டி. அழுத்திவிட்டால் கீழே நீட்டிக்கொள்ளும், வாய் பின்பக்கம் பார்க்கும். படகு ஓடும்போது கீழே விரையும் நீர் அந்த வாயருகே அழுத்தத்தைக் குறைக்கிறது. உள்ளே கிடக்கும் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், கணக்குப்படி, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்கு ஈடான இழுப்பு கிடைக்கலாம்; நடைமுறையில் இதைவிடக் குறைவு. அதனால் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டருக்குக் கீழே இதை நம்ப முடியாது. வேகம் குறைந்தால் தண்ணீர் திரும்பி வரும்.

மோட்டார் வைத்த ரப்பர் படகில் வடிதுளை பெரும்பாலும் பின்பலகையின் அடியில் இருக்கும். வெளிப்பக்கம் ரப்பர் மடலோ தொங்கும் குழலோ உண்டு. உள்ளிருந்து அழுத்தினால் திறக்கும், வெளியிலிருந்து அழுத்தினால் ஒட்டி மூடிக்கொள்ளும். படகு வேகமெடுத்து மூக்கைத் தூக்கும்போது உள்ளே கிடக்கும் நீர் பின்னால் ஓடிவரும். பின்பலகைக்குப் பின்னே ஆற்றுநீர் விலகிப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் வடிகால்.

இங்கேதான் நம் வெள்ளத்துக்கும் இந்தக் கருவிக்கும் ஒத்துப்போகவில்லை. டெல்டாவின் வெள்ளம் பெரும்பாலும் தேங்கி நிற்பது. தெருவுக்குள் படகு ஊர்ந்துதான் போக வேண்டும். தண்ணீருக்குள் வேலிக்கம்பியும் வரப்பும் பம்புசெட் தொட்டியும் எங்கே இருக்கும் என்று தெரியாது. வாசலில் நின்று வயதானவர்களை ஏற்றும்போது வேகம் சுழியம். பாரம் கூடிப் பின்பலகையும் தாழும். வேகத்தை நம்பும் வடிப்பான் மிகவும் தேவைப்படும் நேரத்தில் சும்மா கிடக்கும். போதாததற்கு வைக்கோலும் வெங்காயத்தாமரை வேரும் மிதக்கும். ஒரே ஒரு வைக்கோல் துரும்பு மடலின் இடுக்கில் மாட்டினால் போதும், மடல் முழுதாக மூடாது. பின்பக்கம் நனைவதை ஆட்கள் நெரிசலில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆகவே மீட்புப் படகுக்கு என் பரிந்துரை இது: ஊருக்குள் நுழையும் முன்பே வடிதுளையின் அடைப்பானைத் திருகி மூடிவிட வேண்டும். ஆட்களை மேட்டில் இறக்கிவிட்டு வெறும் படகாகத் திரும்பும்போது, திறந்த நீரில் வேகமெடுத்த பிறகு அதைத் திறந்து உள்ளே சேர்ந்ததை வடிக்கலாம். அடைப்பானைச் சிறு கயிற்றால் பின்பலகையோடு கட்டிவைக்க வேண்டும். கலங்கல் நீரில் விழுந்தால் கிடைக்காது. கைப்பிடியில் கயிறு கட்டிய ஒரு பிளாஸ்டிக் வாளி எப்போதும் உள்ளே இருக்கட்டும். நின்ற இடத்தில் தண்ணீரை வெளியேற்ற வாளியும் கைப்பம்பும்தான் உதவும். மழைக்காலம் தொடங்கும் முன், படகைக் கரையில் வைத்து உள்ளே நாலு வாளி ஊற்றிப் பார்த்தால் மடல் ஒட்டிக்கொண்டதா, துளையில் மணல் அடைத்ததா என்பது தெரிந்துவிடும். பிறகு மடலை வெளிப்பக்கத்திலிருந்து விரலால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் விறைத்துப்போய்ச் சரியாகப் படியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.