மீண்டும் வளரும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி

பொன்னுக்கு வீங்கி காய்ச்சலோடும் வலியோடும் வந்து சில நாட்களில் வற்றிவிடும். காதின் முன்புறமோ கீழ்ப்புறமோ வலியின்றி மெல்ல வளரும் கட்டி அத்தகையதன்று. அது பரோடிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் கட்டியாக இருக்கலாம். இவற்றுள் நூற்றுக்கு 80 அளவில் புற்றுநோய் அல்ல. வலி இல்லாமையால் நாம் இதனைப் பல்லாண்டுகள் பொருட்படுத்துவதில்லை.

இவ்வகையில் மிகுதியாகக் காணப்படும் கட்டியின் உறை மிக மெல்லியது. கட்டியை மட்டும் தோண்டியெடுத்தால் உறை கிழிந்து நோயணுக்கள் சிதறக்கூடும். மண்ணில் தங்கிய கோரைக் கிழங்கு மீண்டும் முளைப்பதுபோல, 10 ஆண்டுகள் கழிந்த பின்னும் பல சிறு கட்டிகள் எழலாம்.

முகத்தை அசைக்கும் நரம்பு இச்சுரப்பியின் ஊடே செல்கிறது. பழைய தழும்பில் அது சிக்கியிருப்பின், மறு அறுவையில் ஊறு நேரும் அபாயம் மிகுதி. கண் மூடாது, வாய் கோணும். ஆகவே, சுற்றியுள்ள நல்ல சதையோடு கட்டியை முதன்முறையே முழுமையாக அகற்றுவித்தல் வேண்டும்.

மீண்டும் கட்டி கண்டோர் ஸ்கேன், ஊசிப் பரிசோதனை ஆகியவற்றின்பின் தேர்ந்த மருத்துவரிடம் அறுவை செய்துகொள்ளலாம். சிலருக்குக் கதிர்வீச்சும் தேவைப்படும். சிலருக்குக் கட்டி புற்றுநோயாக மாறுவதுமுண்டு. எனவே, அது விரைந்து வளர்ந்தாலோ முகம் கோணினாலோ தாமதித்தல் கூடாது. பழைய சிகிச்சைச் சீட்டுகளைப் பேணி வைத்தல் நன்று. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை ஊராருக்கு எடுத்துரைப்பார்களென நம்புகிறோம்.